பீற்றூட் சாறு ஒரே இரவில் இரத்தம் ஏற்றாது

“ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரத்தம் ஊற இரண்டு கிளாஸ் பீற்றூட் சாறு போதும், இரும்புக் குளிசை வேண்டாம்” என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. இது தவறு. 100 கிராம் பீற்றூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை, நிறம்தான் சிவப்பு. குளிசை போட்டாலே ஹீமோகுளோபின் (இரும்பைக் கொண்டு உடல் ஆக்கும், இரத்தத்தின் சிவப்புப் பொருள்) ஒன்றிரண்டு கிராம் ஏற மூன்று, நான்கு கிழமை செல்லும். அதனால் ஒப்பரேஷன் என்று முடிவானதுமே இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாள் குறைவென்றால் இரத்த நாளம் வழியாக இரும்பு ஏற்றலாமா என்று வைத்தியர் பார்ப்பார்.

குளிசையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. அப்புறம், மலம் கறுக்கும். குளிசைக்கு அது வழக்கம்தான். தார்போல ஒட்டினால் மட்டும் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். எங்கள் மாமி கறுப்பைக் கண்டு பயந்து, குளிசைப் பையை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். ஒப்பரேஷன் ஒரு மாதம் தள்ளிப்போனது.