ஆய்வக டெக்னீசியன் ஆக முனைவர் பட்டம் வேண்டுமா?

"மண்டபம் ஆய்வு நிலையங்களில் உயிரித் தொழில்நுட்ப ஆய்வக வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயம்" என்று கீழக்கரை, ராமேசுவரம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் தகவல் தவறானது. அது விஞ்ஞானிப் பதவியையும் டெக்னீசியன் பதவியையும் குழப்பிக்கொள்கிறது. மண்டபத்தில் கடற்பாசி ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும், மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்., டெக்னீசியன் பதவிக்கு அறிவியல் பாடத்துடன் பத்தாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண்ணும் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழும், டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் பதவிக்கு 60 சதவீதத்துடன் பி.எஸ்சி.யும் ஓராண்டு அனுபவமும் பொதுவாகக் கேட்கிறது. உண்மையான தேர்வு, வேலையில் சேர்ந்த பிறகுதான் என்பேன். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கிய வளர்ப்பு ஊடகத்தில் (பாசி வளர்வதற்கான சத்துக் கலவை), மூடியைத் திறந்து பாசித் துண்டை வைக்கும் அந்த நொடியில் கை தடுமாறினால், சில நாள்களில் பூஞ்சை பூத்துவிடும்.