லூயிஜிக்கு ஒரு நியாயம்

(பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டி கூடத்தின் நடுவே திறந்து கிடக்கிறது. உள்ளே சின்ன வயதில் ஆடிய நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டி. மேசை மேல் 55 அங்குல டிவி. அக்கா கலா சோபாவில் இருக்கிறாள். தம்பி முரளி டிவிக்குப் பின்னால் தலையை விட்டிருக்கிறான். நமக்குத் தெரிவது கால்கள் மட்டும். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தவுடன் இருவருக்கும் பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும்.)

முரளி: அக்கா, இந்த டிவியில் நிண்டெண்டோ வயரைச் செருக மஞ்சள் ஓட்டையே இல்லை.

கலா: நன்றாகப் பார்.

முரளி: பார்த்துவிட்டேன். பென்டிரைவ் செருக ஒன்று, இன்டர்நெட் வயருக்கு ஒன்று, எச்டிஎம்ஐ மட்டும் மூன்று. மஞ்சள், சிவப்பு, வெள்ளை எதுவும் கிடையாது.

கலா: அப்படியானால் பெட்டியை மூடிவிடு. முடிவு பழையபடியே இருக்கட்டும்.

முரளி: எந்த முடிவு?

கலா: நான் ஜெயித்தது.

முரளி: அது ஒரு ஜெயிப்பா? சூப்பர் மாரியோ ஆட்டத்தில் நீ எப்போதும் மாரியோ, நான் எப்போதும் அவன் தம்பி லூயிஜி. லூயிஜியால் அவ்வளவு உயரம் தாவ முடியாது.

கலா: 1985-ல் வந்த அந்த ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே வேகம். நிறம்தான் வேறு. லூயிஜிக்குத் தனித் தாவல் வந்ததெல்லாம் அடுத்தடுத்த ஆட்டங்களில். அதிலும் அவன் மாரியோவைவிட உயரமாகத்தான் தாவுவான்.

முரளி: இதை ஏன் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை?

கலா: நீ அழுதுகொண்டிருந்தாய்.

முரளி: (தலையை வெளியே எடுத்து) சரி, பேச்சு வேண்டாம். ஆடியே பார்த்துவிடலாம். கன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இதோ பார், ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை.

கலா: கொடு. இதன் மேல் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அது எந்தப் பக்கம் போகிறது?

முரளி: எச்டிஎம்ஐ-யிலிருந்து மூன்று வயருக்கு.

கலா: நமக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?

முரளி: ...மூன்று வயரிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு.

கலா: இது புதுப் பெட்டியைப் பழைய டிவியில் மாட்டுவதற்கு. நம்மிடம் இருப்பது பழைய பெட்டி, புது டிவி.

முரளி: திருப்பிச் செருகினால்?

கலா: சட்டையா இது, திருப்பிப் போட்டுக்கொள்ள?

(மூன்று நாள் கழித்து. அதே கூடம், அதே அட்டைப்பெட்டி. இந்த முறை அம்புக்குறி சரியாக இருக்கிறது.)

முரளி: அக்கா, வெள்ளை வயரைக் காணோம். நீதானே கடைசியாகப் பெட்டியைக் கட்டி வைத்தாய்?

கலா: தொலைவதற்கு அது இருந்தால்தானே. இந்த நிண்டெண்டோவில் இரண்டே ஓட்டைதான். மஞ்சள் படத்துக்கு, சிவப்பு ஒலிக்கு. இடது வலது என்று பிரிக்காத ஒரே ஒலி, மோனோ.

முரளி: சரி, சிவப்பைச் சிவப்பில் போட்டேன். படம் வரவில்லை.

கலா: கன்வெர்ட்டருக்குக் கரண்ட் கொடுத்தாயா?

முரளி: அதற்கு வேறு கரண்டா?

கலா: வேலை செய்கிறதே, கூலி வேண்டாமா? அந்தச் சின்ன யுஎஸ்பி வயரைச் செருகு.

முரளி: வந்துவிட்டது! இல்லை... பச்சையாக ஏதோ மின்னுகிறது. கேசட்டில் தூசி. (கேசட்டை உருவி வாயருகே கொண்டுபோகிறான்.)

கலா: ஊதாதே!

முரளி: ஏன்? நாம் எப்போதும் ஊதித்தானே...

கலா: ஊதினால் எச்சில் ஈரம்தான் போய் ஒட்டும். செம்புப் பட்டைகளில் களிம்பு பிடிக்கும். கழற்றி மறுபடி மாட்டினோமே, அதனால்தான் வேலை செய்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடை.

முரளி: அப்போது நாம் அத்தனை நாள் ஊதியது?

கலா: பிரார்த்தனை.

(துடைக்கிறான். படம் வருகிறது.)

முரளி: அக்கா! மாரியோவுக்கு என்ன ஆயிற்று? குண்டாகிவிட்டான்.

கலா: அவன் 4:3 படத்துக்குப் பிறந்தவன், அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. 16:9-ல் இழுத்துக் கட்டியிருக்கிறது இந்த டிவி. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

முரளி: விட்டுவிடேன். நமக்கும்தான் கூடியிருக்கிறது.

கலா: (ரிமோட்டை எடுத்து) இதோ, 4:3.

முரளி: இப்போது இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே! திரையில் கால்வாசி சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது. ஒலியும் வலது பக்கம் மட்டும்தான் வருகிறது.

கலா: சிவப்பைக் கழற்றி வெள்ளையில் போட்டால் இடது பக்கம் மட்டும் வரும். இரண்டிலும் வேண்டுமென்றால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் வாங்க வேண்டும்.

முரளி: சிவப்பை வெள்ளையிலா? ஒன்றும் ஆகாதா?

கலா: நிறம் நமக்காகப் பூசியது. கரண்டுக்குக் கண் கிடையாது.

முரளி: இருக்கட்டும், வலது காது போதும். ஆனால் படம் ஏன் சாணி மெழுகிய தரை மாதிரி இருக்கிறது? சின்ன வயதில் கண்ணாடி மாதிரி இருந்ததே!

கலா: கண்ணாடி மாதிரியெல்லாம் இல்லை. இது அனுப்புவது 256-க்கு 240 புள்ளி. நிறமும் வெளிச்சமும் ஒரே மஞ்சள் வயரில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. நம் பழைய குழாய் டிவி அந்த ஓரங்களை மழுப்பி, வரிக்கு வரி இடைவெளி விட்டு, பார்க்க லட்சணமாகக் காட்டும். இந்த டிவியில் 3840-க்கு 2160. ஒரு புள்ளியை எடுத்து, கட்டம் கட்டி, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது.

முரளி: சொந்தக்காரர்கள் மாதிரி.

கலா: அதை விடு. வேறொரு கூத்து இருக்கிறது. இந்தப் பெட்டி ஒரே 240 வரியை வினாடிக்கு 60 தடவை அனுப்பும். கன்வெர்ட்டர் அதைப் பார்த்து, 'இது பாதிப் படம், மீதிப் பாதி பின்னால் வருகிறது' என்று தானே முடிவு செய்து, அடுத்தடுத்த இரண்டு படத்தைச் சேர்த்துத் தைத்துவிடும். ஓடும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது பார்.

முரளி: கேட்காமலே தைத்துக் கொடுக்கிறதா?

கலா: கேட்காமலே. மாரியோ அடிபட்டால் மின்னுவானே, ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான். அந்த நேரம் பார்த்துத் தைத்தால் ஆள் மொத்தமாகக் காணாமல் போனாலும் போவான். 240 வரியை 240 வரி என்றே புரிந்துகொள்ளும் பெட்டிகள் தனியாக இருக்கின்றன. ரெட்ரோடிங்க் மாதிரி.

முரளி: விலை?

கலா: நீ ஜெயித்தால் வாங்கித் தருகிறேன்.

(முரளி இதைச் சவாலாக எடுத்துக்கொள்கிறான். பெட்டிக்குள் கைவிட்டு, தூக்கில் போட்டதுபோல் வயரில் தொங்கும் விளையாட்டுத் துப்பாக்கியை வெளியே எடுக்கிறான்.)

முரளி: முதலில் வாத்து சுடும் ஆட்டம். வாத்தில் நீ என்னை ஜெயித்ததே இல்லை.

கலா: அது வேண்டாம்.

முரளி: பயமா? (சுடுகிறான். மறுபடி சுடுகிறான். திரையில் நாய் எழுந்து சிரிக்கிறது.) ஒன்றுமே படவில்லையே! (திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் வைத்துச் சுடுகிறான். நாய்க்கு இன்னும் சிரிப்பு.)

கலா: டிவிக்குள்ளேயே போய்ச் சுட்டாலும் படாது. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருப்பது குண்டு இல்லை, கண். அந்தக் கட்டம் தெரிகிறதா என்று பார்க்கும். குழாய் டிவியில் சொன்ன நொடியே வெள்ளை வந்துவிடும். இது வாங்கி, யோசித்து, அலங்காரம் செய்து காட்டுவதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிக்கொண்டுவிடும்.

முரளி: அப்படியா? (துப்பாக்கியை மேலே எரியும் விளக்கை நோக்கித் திருப்பிச் சுடுகிறான். நாய்.)

கலா: வெளிச்சத்துக்கு முன்னால் இருட்டு தெரிகிறதா என்றும் பார்க்கும். திருட்டுத்தனத்தை 1984-லேயே யோசித்து வைத்துவிட்டார்கள்.

முரளி: இரு இரு. டிவி தாமதமாகக் காட்டுகிறது என்றால் மாரியோவிலும் தாமதம்தானே?

கலா: கொஞ்சம் இருக்கும். வினாடிக்கு 60 படம். 100 மில்லி வினாடி தாமதம் என்றால் நீ பொத்தானை அழுத்தி ஆறு படம் போன பிறகுதான் அவன் தாவுவது தெரியும். அதற்குத்தான் டிவியில் கேம் மோட் இருக்கிறது. படத்துக்கு மேக்கப் போடும் வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு வந்ததை வந்தபடி காட்டும். போட்டுவிட்டேன். வாத்துக்கு அது போதாது, மாரியோவுக்குப் போதும்.

முரளி: போட்டுவிட்டாயா?

கலா: போட்டுவிட்டேன். உட்கார். நீ லூயிஜி.

(ஆட்டம். கலா மூன்றாவது கட்டம்வரை போய் விழுகிறாள். முரளியின் முறை. முதல் காளானிலேயே முட்டிச் சாகிறான். கலா. முரளி, முதல் பள்ளத்தில். கலா. கன்ட்ரோலரோடு சேர்ந்து முரளியும் துள்ளுகிறான். துள்ளினால் லூயிஜி தாவுவான் என்பது அவன் நம்பிக்கை.)

முரளி: அழுத்தினேன்! சத்தியமாக அழுத்தினேன்!

கலா: இதையேதான் அப்போதும் சொன்னாய்.

முரளி: அக்கா, ஒன்று கவனித்தாயா? என் முறை வரும்போதெல்லாம் திரை ஒரு தடவை கண் சிமிட்டுகிறது. அப்புறம் நிறமும் கொஞ்சம் மஞ்சளாகிவிடுகிறது.

கலா: உன் கண்ணில் கோளாறு. டாக்டரிடம் காட்டு.

முரளி: உன் முறையில் மஞ்சளாக இல்லையே.

கலா: என் கண்ணில் கோளாறு இல்லை.

முரளி: கொஞ்சம் எழுந்திரு.

கலா: எதற்கு? கால் வலிக்கிறது.

முரளி: எழுந்திரு அக்கா. (சோபா மெத்தையைத் தூக்குகிறான். ரிமோட். அதை எடுத்து அழுத்துகிறான். திரையின் மூலையில் எழுத்து வருகிறது: 'சினிமா'.)

(அமைதி. ஆட்டத்தின் இசை மட்டும் ஒலிக்கிறது, வலது பக்கத்தில்.)

முரளி: உன் முறைக்குக் கேம் மோட், என் முறைக்கு மேக்கப் போட்டுத் தாமதமாகக் காட்டும் சினிமா மோடா?

கலா: நீ ரசிகன், பொறுமையாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

முரளி: நான் அப்போதே சொன்னேன், ஏதோ சூழ்ச்சி இருக்கிறதென்று!

கலா: அப்போது ஒன்றும் இல்லை. குழாய் டிவியில் சூழ்ச்சி செய்ய இடமே கிடையாது. அது உன் சொந்தத் திறமை.

முரளி: முதலிலிருந்து ஆட்டம். கேம் மோட். ரிமோட் என் பாக்கெட்டில். நான் மாரியோ.

கலா: எடுத்துக்கொள்.

(முரளி நிமிர்ந்து உட்காருகிறான். முதல் காளான் வருகிறது. காளான் இன்னும் நெருங்கவே இல்லை, மாரியோ தாவி, அதன் எதிரிலேயே பத்திரமாக இறங்கி, முட்டிச் சாகிறான்.)

கலா: என்னடா?

முரளி: முன்கூட்டியே அழுத்திப் பழகிவிட்டது.

கலா: என் முறை. லூயிஜி. இந்தப் பச்சை எனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

(கலா ஆடுகிறாள். நான்காவது கட்டம். கோட்டை. முரளி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு பாக்கெட்டில் கைவிட்டு ரிமோட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டுகிறான்.)

முரளி: அக்கா... எனக்குச் சினிமாவையே போடு.