பாலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டதாக அர்த்தம் இல்லை

"அம்மாவுக்குப் பாலியேட்டிவ் கேர் என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம், ஒத்துக்கொள்ளாதீர்கள்" என்று சிலர் சொல்வது தவறு. பாலியேட்டிவ் கேர் என்பது கடும் நோயில் வலியையும் மற்ற தொல்லைகளையும் குறைக்கும் சிகிச்சை. அந்தப் பேச்சை நம்பி எந்தக் குடும்பமும் கிடைக்கிற உதவியை மறுத்துவிடக் கூடாது.

புற்றுநோய்க்குக் கீமோ நடக்கும்போதே பாலியேட்டிவ் கேரையும் சேர்த்துத் தரலாம். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே இதைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது; இடைநிலை ஆயுட்காலமும் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம்.

மார்ஃபினும் அப்படித்தான். வலிக்கு மருந்து, அவ்வளவுதான். சாவு நெருங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் மலச்சிக்கல் பாடாய்ப்படுத்தும். மலமிளக்கியையும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் கஷ்டத்தையும் பாலியேட்டிவ் கேர் தரும் குழுவிடம் சொல்லலாம். அதைக் கேட்பதும் அவர்கள் வேலைதான்.