தோண்டிப் பார்த்த தோட்டம்

முரளி: அக்கா, நீங்கள் கொடுத்த கொத்தமல்லி விதையில் உயிரே இல்லை. ஊன்றி 12 நாட்கள் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

சரோஜா: அதே விதையைத்தான் நானும் என் தொட்டியில் போட்டேன் தம்பி, அங்கே முளைத்துவிட்டது. காயை லேசாக உருட்டி இரண்டாக உடைத்துத்தானே போட்டாய்?

முரளி: உடைத்தேன். முதல் தடவை உடைத்தது மாவாகிவிட்டதால், இரண்டாம் தடவை கொஞ்சம் மென்மையாக உடைத்தேன்.

சரோஜா: சரி. தொட்டியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னேனே, அதைச் செய்தாயா?

முரளி: அதை ஒரு நாளும் தவறவிடவில்லை. தினமும் காலையில் விரலை விட்டு, தட்டுப்படும் விதையை வெளியே எடுத்து, முளை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் திரும்பப் புதைத்துவிடுவேன்.

சரோஜா: நான் பார்க்கச் சொன்னது மண்ணை. நீ விதையைத் தோண்டியெடுத்து நலம் விசாரித்திருக்கிறாய்.

முரளி: நாளுக்கு ஒரு முறைதான் அக்கா.

சரோஜா: ஒரு முறைதானா?

முரளி: அலுவலகம் விட்டு வந்ததும் இன்னொரு முறை.

சரோஜா: 12 நாட்களில் 24 முறை தட்டி எழுப்பினால் கும்பகர்ணனே வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பான்! வேர் விடத் தொடங்கிய விதையை அசைத்தாலே அந்த மெல்லிய வேர் அறுந்துவிடும். போகட்டும், ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா?

முரளி: அத்தனை அழகான தொட்டியில் யாராவது ஓட்டை போடுவார்களா?

சரோஜா: மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நீர் தேங்கினால், வேர் மூச்சுத் திணறி அழுகிப்போகும். நீ வைத்திருப்பது தொட்டியல்ல, கிணறு.

முரளி: விதை சரியில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் தொட்டியைக் குறை சொல்கிறீர்களே. என் தக்காளியைப் பாருங்கள், இரண்டே வாரத்தில் எவ்வளவு உயரம்!

சரோஜா: நூல் மாதிரி வெளிறிய தண்டு, உச்சியில் நான்கு இலை. இதை எங்கே வைத்திருந்தாய்?

முரளி: வரவேற்பறையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில். படம் எடுத்தால் பின்னணி அங்கேதான் நன்றாக விழுகிறது.

சரோஜா: தக்காளிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். இது வளரவில்லை தம்பி, வெயில் எங்கே என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருக்கிறது. கையுறை, மூன்று அளவில் மண்வெட்டி, தெளிப்பான், ஈரமானி எல்லாம் வாங்கிய நீ, வெயில் விலையில்லாமல் கிடைக்கிறது என்பதால் அதை மட்டும் மதிக்காமல் விட்டுவிட்டாயா?

முரளி: ஈரமானியைக்கூட ஒவ்வொரு விதைக்குப் பக்கத்திலும் குத்திப் பார்த்தேன்.

சரோஜா: மகனைப் பள்ளியில் சேர்த்த மூன்றாம் நாளே அவன் ஆசிரியரிடம் போய், எந்தப் பாடத்தில் முதலாவதாக வருவான் என்று கேட்டவன்தானே நீ?

முரளி: அதற்கும் கொத்தமல்லிக்கும் என்ன சம்பந்தம்?

சரோஜா: ஒன்றுமில்லை. அதோ, துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், விளிம்பு உடைந்த பழைய வாளியில் பச்சையாக என்ன தெரிகிறது?

முரளி: அதுவா? முதல் தடவை மாவாகிப்போன விதையை அதில் கொட்டினேன், பிறகு மறந்தே போய்விட்டேன்.

சரோஜா: மாவில் தப்பித்த இரண்டு மூன்று துண்டுகள் முளைத்திருக்கின்றன. வாளியின் அடியும் விரிசல் விட்டிருப்பதால் தண்ணீர் தேங்கவில்லை. நீ மறந்தது ஒன்றுதான் இந்த வீட்டில் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. அதைத் தொடாதே.

முரளி: தொடமாட்டேன் அக்கா, ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

சரோஜா: படம்தானே, எடுத்துக்கொள். கையில் என்ன வைத்திருக்கிறாய்?

முரளி: வேர் பிடித்திருக்கிறதா என்பது படத்தில் தெரியவில்லையே அக்கா!