ஜான் டீக்கன் ஓடிப்போகவில்லை

போன சனிக்கிழமை பெங்களூர் ஹலசூரில் எங்கள் பிராக்டிஸ் அறையில், புதிதாகச் சேர்ந்த கிட்டார் தம்பி ஒரு வார்த்தை சொன்னான். "அண்ணா, குயீன்ல மத்த ரெண்டு பேரும் இன்னும் மேடை ஏறுறாங்க. ஜான் டீக்கன் மட்டும் பயந்து ஓடிட்டாரு."

குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில், பாட்டைக் கீழிருந்து தாங்கும் கனத்த ஒலி கொண்ட பேஸ் கிட்டார் வாசித்தவர் டீக்கன். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்து சில வருடங்களில் மேடையை விட்டு விலகினார். அதைத்தான் தம்பி சொன்னான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, அவன்மேல் கோபம் இல்லை. ஆனால் இதே பேச்சைப் பல வருடங்களாக வேறு வேறு வாயிலிருந்து கேட்டுவிட்டேன். பேஸ் வாசிக்கிறவனாக இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டீக்கன் 1951-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். பதினோரு வயதில் அப்பா இறந்துவிட்டார். ஊர்ப் பையன்களோடு வைத்திருந்த குழுவில் முதலில் ரிதம் கிட்டார்தான் வாசித்தார். பேஸ் வாசித்தவர் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தார். பேஸுக்கு வந்த பலருடைய கதை இதுதான், என்னுடையதும். லண்டனில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, 1971-இல் குயீனில் சேர்ந்தார். அதற்கு முன் அந்தக் குழுவில் பேஸ் வாசித்த யாரும் நிலைக்கவில்லை. இவர் பத்தொன்பது வயது, அதிர்ந்து பேசாத பையன். அதே வருடம் பட்டத்தையும் முதல் வகுப்பில் வாங்கிவிட்டார்.

அந்தப் படிப்பு வீணாகவில்லை. குப்பைத் தொட்டியில் யாரோ வீசியிருந்த சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி, ஆக்கினார். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகுகூடக் கிடையாது. அதைக் குயீனின் கிட்டார்காரர் பிரையன் மே ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோனார். குயீன் பாடல்களில் கிட்டார்கள் வயலின் கூட்டம் போலவும் பித்தளை வாத்தியங்கள் போலவும் அடுக்கடுக்காக எழும் இடங்கள் பலவற்றில் ஒலிப்பது அந்தப் பெட்டிதான். எஸ்.பி. ரோட்டில் பழைய போர்டுகளைக் குவித்து விற்கும் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வந்துவிடும்.

மனைவியை நினைத்து ஒரு பாட்டு எழுதினார், 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'. அதற்கு எலெக்ட்ரிக் பியானோ வேண்டும் என்றார். ஃப்ரெடி மெர்க்குரிக்கு அந்த வாத்தியமே பிடிக்காது, தொடமாட்டேன் என்றுவிட்டார். சரி என்று டீக்கனே கற்றுக்கொண்டு வாசித்தார். 1980-இல் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரே சுரத்தை மூன்று முறை அழுத்திவிட்டு ஒரு இடைவெளி விடுகிறார் பாருங்கள், அந்த இடைவெளியில் எதையும் வாசிக்காமல் இருப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அது பிடிபடவே வருடங்கள் ஆனது.

பேஸ்காரர் முன்னால் வந்து நிற்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2007-இல் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற ராக் குழு வந்தபோது அதன் பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸைக் கண்ணால் பார்த்தேன். குழுவைத் தொடங்கியவரே அவர்தான், மேடையே அவருடையது. டீக்கனின் சுபாவம் அதுவல்ல. அவர் பின்னால் நின்று தாங்கியவர். கூச்சக்காரரான அவரை நீயும் எழுது என்று தூண்டியவர் ஃப்ரெடி. ஜான்சிபாரில் பிறந்து, நம் பஞ்ச்கனியில் பள்ளி படித்த அதே ஃப்ரெடி.

1991 நவம்பர் 24-இல் ஃப்ரெடி இறந்தார், நாற்பத்தைந்து வயது. டீக்கன் மறுநாளே கிளம்பிவிடவில்லை. 1992 ஏப்ரலில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் நின்று வாசித்தார். ஃப்ரெடி பாடிவைத்துவிட்டுப் போன குரலைச் சுற்றி மற்ற இருவரோடு உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முடித்தார், 1995-இல் வந்தது. 1997 ஜனவரியில் பாரிஸில் ஒரு மேடை, அதே வருடம் ஃப்ரெடியை நினைத்து ஒரு கடைசிப் பதிவு. அதன்பின் பேஸைக் கீழே வைத்துவிட்டார். 2001-இல் ராக் இசைக்கான மிகப் பெரிய கௌரவம் குழுவுக்குக் கிடைத்தபோதும் வரவில்லை. நம் வீடுகளில் காரியம் முடியும்வரை நெருங்கியவர்கள் கிளம்ப மாட்டார்கள் இல்லையா? அவரும் எல்லாக் காரியமும் முடித்துவிட்டுத்தான் போனார். இதையா ஓடிப்போனது என்கிறோம்?

2021-இல் கொரோனாவில் எங்கள் டிரம்மர் போய்விட்டான். மர்ஃபி டவுன் பையன், பதினாறு வருடம் என் இடப்பக்கம் உட்கார்ந்தவன். பேஸ் வாசிக்கிறவனுக்குக் காது எப்போதும் டிரம்மரின் வலது காலில்தான் இருக்கும். அந்தக் கால் பெடலை மிதிக்கும் நொடியில் நம் விரல் விழ வேண்டும். அவன் கொஞ்சம் தாமதமாக மிதிப்பான், மயிரிழைதான், அதற்கு என் விரல் பழகியிருந்தது. புது டிரம்மர் கணக்காக வாசிக்கிறார், தப்பே இல்லை. ஆனால் எட்டு மாதம் என் கை அவரோடு சேரவில்லை. ஒவ்வொரு அடியிலும் பழையவனுக்காகக் காத்திருந்தது.

நான் தொடர்ந்தேன். பிரையன் மேயும் குயீனின் டிரம்மர் ராஜர் டெய்லரும் தொடர்கிறார்கள், அவர்கள் செய்வதும் சரிதான். அப்புறம், கை போகவில்லை என்று ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் அவரை ஏன் இழுக்க வேண்டும்? நமக்கு அவர் பாக்கி வைத்தது எதுவும் இல்லை.

தம்பி, வருகிற சனிக்கிழமை அரை மணி முன்னால் வா. கிட்டாரைப் பையிலிருந்து எடுக்காதே. 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' பாட்டின் பேஸை மட்டும் தனியாக வாசித்துக் காட்டுகிறேன்.