கிரெய்க் எங்கேயும் போகவில்லை

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுகிரகவாசியைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடர் டாக்டர் ஹூ. அதில் எந்த எபிசோடு பிடிக்கும் என்று கேட்டால், கண் சிமிட்டினால் நகர்ந்து வரும் சிலைகளைச் சொல்பவர்கள் உண்டு, டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகள் படையெடுத்து வருவதைச் சொல்பவர்கள் உண்டு. நான் எப்போதும் சொல்வது 'தி லாட்ஜர்'. உடனே "அதுவா, சும்மா ஜாலியான எபிசோடு ஆச்சே" என்பார்கள். ஜாலியானதுதான். ஆனால் அந்தத் தொடரிலேயே மிகக் கச்சிதமாக யோசித்து எழுதப்பட்ட கதைகளில் ஒன்று அது என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். முடிவு உட்பட எல்லாமே வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2010 ஜூன் 12 அன்று பிபிசியில் வந்தது. மேட் ஸ்மித் டாக்டராக நடித்த முதல் சீசன், அதில் பதினோராவது எபிசோடு. அடுத்த வாரம் பிரபஞ்சமே அழியப்போகிறது, அதற்கு முன்னால் ஒரு வீடு, ஒரு ஆபீஸ், ஒரு கால்பந்து மைதானம் என்று சின்னதாக ஒரு கதை. இங்கிலாந்தில் எசெக்ஸில் உள்ள கொல்செஸ்டர் என்ற ஊரில் கிரெய்க் ஓவன்ஸ் என்று ஒருவன். ஜேம்ஸ் கார்டன் நடித்திருக்கிறார். கால் சென்டர் வேலை, மாலையானால் சோஃபாவில் பீட்சா, டிவி, கூடவே சோஃபி. அவள் தோழிதான், காதலி இல்லை. அவனுக்கு அவள்மேல் காதல், அவளுக்கும் அவன்மேல் காதல், இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கிரெய்க் தன் வீட்டில் காலியாக இருக்கும் அறையை வாடகைக்கு விடப்போவதாக விளம்பரம் கொடுக்க, டாக்டர் வந்து நிற்கிறார். கையில் ஒரு காகிதப் பை, அதற்குள் 3,000 பவுண்டு. இது நிறையப் பணமா என்று அவர் கிரெய்க்கிடமே கேட்கிறார்!

டாக்டர் அங்கே வருவதற்குக் காரணம் மாடி. மாடி வீட்டிலிருந்து யாரோ இன்டர்காமில் உதவி கேட்கிறார்கள், தெருவில் போகிறவர்கள் நம்பி ஏறிப் போகிறார்கள், ஒருவரும் இறங்கி வருவதில்லை. கிரெய்க் வீட்டுக் கூரையில் ஒரு கறை வேறு நாளுக்கு நாள் பெரிதாகிறது. டாக்டர் காலத்தில் பயணிக்கும் நீலப் பெட்டியான டார்டிஸ் தரையிறங்க முடியாமல் சுழல, அவரோடு பயணிக்கும் ஏமி பாண்ட் அதற்குள் மாட்டிக்கொள்கிறாள். மேலே இருக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதால் டாக்டர் எப்போதும் கையில் வைத்திருக்கும் கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்க முடியாது. சாதாரண மனிதனாக நடித்தே ஆக வேண்டும்.

நடிப்பதில்தான் வேடிக்கை. கிரெய்க்குக்கு அருமையாக ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுக்கிறார், எங்கே சமைக்கக் கற்றாய் என்று கேட்டால் பாரிஸில், பதினெட்டாம் நூற்றாண்டில் என்கிறார். பிறகு கேட்டவன் முகத்தைப் பார்த்துவிட்டு நூற்றாண்டை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார். கால்பந்து ஆடப் போனால் ஒரே ஆட்டத்தில் நட்சத்திரமாகிவிடுகிறார் (மேட் ஸ்மித் இளம் வயதில் நிஜமாகவே கால்பந்து வீரர், முதுகில் அடிபட்டுத்தான் அதை விட்டார், அந்தக் காட்சியில் பந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே தெரியும்). ஆட்டம் முடிந்ததும், அடுத்த வாரம் எதிரணியை அழித்துவிடலாம் என்று கேப்டன் சந்தோஷமாகச் சொல்ல, டாக்டர் முகம் அப்படியே இறுகுகிறது. தான் இருக்கும்வரை யாரையும் அழிக்க விடமாட்டேன் என்று போர்க்களத்தில் நிற்பவர் மாதிரிப் பேசத் தொடங்கி, பாதியில் இது வெறும் பந்தாட்டப் பேச்சு என்று புரிந்து நிறுத்துகிறார். சிரிக்க வைக்கிற காட்சிதான். ஆனால் எத்தனை போர் பார்த்திருந்தால் ஒருவருக்கு அந்தச் சொல் அப்படிக் கேட்கும்!

இதற்கு நடுவில் கிரெய்க்கின் நிலைமையைப் பாருங்கள். அவன் டீமில் டாக்டர்தான் ஹீரோ. உடம்பு சரியில்லாமல் படுத்து எழுந்து ஆபீஸுக்கு ஓடினால் அவன் நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். சோஃபிக்குக் குரங்குகளைப் பராமரிக்கிற வேலைக்குப் போக ஆசை, அதைக் கிரெய்க் கண்டுகொண்டதே இல்லை, டாக்டர் ஒரே பேச்சில் அவளுக்குத் தைரியம் கொடுத்துவிடுகிறார். வேலை, வாரக் கடைசி, மறுபடி வேலை என்று அறுநூறு கோடிப் பேரும் இப்படித்தானே இருக்கிறார்கள் என்று அவள் அலுத்துக்கொள்ள, அப்படியானால் நீயும் இரேன் என்று அவர் சீண்ட, அவளுக்குக் கோபம் வந்து கிளம்பியே விடுவது என்ற முடிவுக்கு வருகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கிரெய்க் ஊரைவிட்டு நகராதவன், வாய்ப்பு வந்தாலும் ஒதுங்குகிறவன். இதுமாதிரிக் கதைகளில் இப்படி ஒருவன் வந்தால், அவனைச் சோஃபாவிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புவதுதான் வழக்கம். இங்கே எழுத்தாளர் கரெத் ராபர்ட்ஸ் செய்தது வேறு.

மாடிக்குப் போனால் மாடியே இல்லை. வீட்டின் வரைபடத்தைப் பார்த்த ஏமி, அந்த வீட்டுக்கு ஒரு தளம்தான் என்று சொல்கிறாள். மேலே நிற்பது காலத்தில் பயணிக்கும் ஒரு கப்பல், பார்ப்பவர் மனதை ஏமாற்றி மாடிபோலக் காட்டிக்கொள்கிறது. ஓட்டியவர்கள் இறந்துவிட்டார்கள், கப்பலின் அவசர நிரல் புது ஓட்டுநரைத் தேடி மனிதர்களை வரவழைக்கிறது. மனித மூளையால் தாங்க முடியாமல் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். 17 பேர். கிரெய்க்கின் தலைக்குமேலேயே இருந்தும் அவனை அது கூப்பிடவே இல்லை, சோஃபியைக்கூட அவள் கிளம்ப முடிவெடுத்த பிறகுதான் கூப்பிட்டது. ஏனென்றால் அதற்கு வேண்டியது போக விரும்புகிறவர்கள். கிரெய்க்குக்குப் போக விருப்பமே இல்லை, சோஃபி இங்கே இருக்கிறாள் என்பதால். டாக்டரை ஓட்டுநராக்க அது இழுக்கும்போது, அவர் கை பட்டால் சூரியக் குடும்பமே வெடித்துவிடும் என்ற நிலையில், கிரெய்க் போய்த் தன் கையை வைக்கிறான். இருக்க வேண்டும் என்ற அவன் ஆசையைக் கப்பலால் தாங்க முடியவில்லை.

இதைக் 'காதல் ஜெயித்தது' என்று சுருக்கிவிட்டால் எனக்குக் கோபம் வரும். ஜெயித்தது அந்த இயந்திரத்தின் சொந்த விதி. அது எதைத் தேடுகிறது என்று முன்னாலேயே காட்டிவிட்டு, அதற்கு நேர் எதிரானதை அதன் கையிலேயே கொடுக்கிறார்கள். 2011இல் இதே கிரெய்க் 'குளோசிங் டைம்' எபிசோடில் திரும்ப வருகிறான், உணர்ச்சியற்ற இயந்திர மனிதனான சைபர்மேனாக மாற்றப்படும்போது தன் குழந்தையின் அழுகை கேட்டு மீள்கிறான். உணர்ச்சிகரமான காட்சி, கார்டனும் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் அங்கே பாசம் வந்ததும் எதிரிகள் வெடித்துச் சிதறுகிறார்கள், அவ்வளவுதான். முதல் கதையில் இருந்த தர்க்கம் அதில் இல்லை.

'தி லாட்ஜர்' மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த 17 பேர். கிளம்பிப் போக வேண்டும் என்ற ஏக்கம் இருந்தவர்கள் என்பது ஒருபுறம், அவர்கள் எல்லாரும் படியேறியதே முகம் தெரியாத ஒருவர் உதவி கேட்டார் என்பதற்காக. ஒரு குழந்தையின் குரலையோ வயதானவரின் குரலையோ கேட்டு நின்ற மனிதர்கள். கடைசியில் சோஃபியும் கிரெய்க்கும் முத்தமிட்ட சந்தோஷத்தில் அவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கதை வேகமாக முடிகிறது என்பது புரிகிறது. ஆனால் பேச்சிலேயே யுத்தத்தை உணர்ந்து இறுகிப்போகும் அந்த டாக்டரை அந்த அறையில் ஒரு நிமிடம் நிற்க விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் தோன்றுகிறது.

டாக்டர் ஹூ பார்த்ததே இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். 1963 முதல் நடந்ததில் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்த நீலப் பெட்டி காலத்தில் பயணிக்கும் என்பது தெரிந்தால் போதும். கடைசி நிமிடத்தில் ஏமி ஒரு மோதிரத்தைக் கண்டெடுப்பாள். அது மட்டும் புரியாது, அதற்கு அந்த சீசனின் முந்தைய எபிசோடுகளைப் பார்க்க வேண்டும்.