கடினம் மட்டும் போதாது, கியர் பல்லின் உள்ளேயும் பாருங்கள்

கியரில் எவ்வளவு கடினம் ஏற்றுகிறோமோ அவ்வளவு உழைக்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். திருநெல்வேலி பேட்டையில் பதினெட்டு வருடமாக ஹாபிங் மெஷினில் கியர் வெட்டுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு ஈ.என். 24 என்ற அலாய் ஸ்டீலில் பினியன் (சிறிய கியர்) செய்து, ஆலை அண்ணாச்சி கேட்டாரே என்று முழுக்கக் கடினப்படுத்தி 54 ராக்வெல் (கடினத்தின் அளவு) வரை ஏற்றிக் கொடுத்தோம். அறுவடை சமயத்தில், மூன்றாவது வாரமே இரண்டு பல் அடியோடு போய்விட்டது. உடைந்த இடம் சீனியைத் தூவினது போல மினுங்கியது, வளையாமல் நொறுங்கியதற்கு அதுதான் அடையாளம்.

பல்லுக்கு மேல்தோல்தான் கடினமாக இருக்க வேண்டும், உள்ளே அடி தாங்குகிற பதம் வேண்டும். அதற்கு 20எம்.என்.சி.ஆர்.5 மாதிரி 0.2 சதவீதத்தை ஒட்டிக் கார்பன் உள்ள ஸ்டீலை எடுத்து, 900–930 டிகிரியில் மேல்தோலில் கார்பன் ஏற்றி, எண்ணெயில் குளிர வைத்து, 150–200 டிகிரியில் டெம்பர் செய்தால் (நொறுங்காமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்கினால்) மேலே 58–62, உள்ளே 30–40 ராக்வெல் கிடைக்கும். 6 மாட்யூல் (பல் எவ்வளவு பெரிது என்று சொல்லும் அளவு) பல்லுக்கு 1 மி.மீ. ஆழத்துக்குக் கடினத் தோல் கேட்போம். சூட்டில் பல் கோணும், அப்புறம் கிரைண்டிங்கில் கொஞ்சம் போகும், அதையும் சேர்த்து ஆழம் சொல்லாவிட்டால் நல்ல தோலை நாமே சீவி எறிந்துவிடுவோம்.

சுமை குறைவு என்றால் ஈ.என். 8 ஸ்டீலும், மின் சுருளால் மேல்பரப்பை மட்டும் சூடாக்கிக் கடினப்படுத்துகிற இண்டக்‌ஷன் போதும். ஆனால் கடினம் பல்லின் அடி வளைவிலேயே வந்து முடியக் கூடாது, விரிசல் அங்கேதான் பிறக்கும்.